பச்சை விளக்கு ஏந்திய யானை

பிறந்தநாள் கொண்டாடுவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. பிறந்த மாதமும் நட்சத்திரமும் கூடிய நாளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டி, புத்தாடை உடுத்தி, கோயிலில் அர்ச்சனை செய்வித்து, வீட்டில் பாயசம் வைப்பது வழக்கம். நமது இளமையில் பிறந்தநாள் என்றால் அவ்வளவே. ஆங்கிலத் தேதியும், கேக்கும், அதன்மேல் எரியும் மெழுகுவத்தியும் நம் இல்லங்களுக்குப் பின்னர் வந்து சேர்ந்தவை. வந்தவற்றைத் தள்ளுவதா, கொள்ளுவதா என்று ஆராய்ந்து கொண்டிருக்கக் குழந்தைகள் நமக்கு அவகாசம் தருவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சோட்டா பீம் உருவத்தில் கேக்கு வந்தால், நம் வீட்டுக் குழந்தையின் கண் அங்கேதான் செல்லும்.

ஆனேக்கல்லில் நாம் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். பொம்மசந்திரா, ஜிகணித் தொழிற்பேட்டைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர். ஆகையால் ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை. ஆயினும் நம் மகள் பிறந்ததும் பேசத் தொடங்கியதும் இம்மண்ணில்தான். தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் அவள் கேட்பாள். ஆனால் சென்ற ஆண்டுக்குப் பின் ஒன்றை மட்டும் அவள் எம்மொழியிலும் கேட்கவில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு அவளுடைய ஐந்தாம் பிறந்தநாளுக்கு, "கேக்கு வாங்கி வருகிறேன் கண்ணு" என்று வாக்களித்திருந்தோம். முதல்நாளே வாங்கி வைத்திருக்கலாம். நாளைக்கு ஆகட்டும் என்று ஒத்திப்போட்டோம். மறுநாள் ரயில் நிலையத்தில் வேலை நீண்டுவிட்டது. கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தபோது கடைகள் யாவும் அடைத்திருந்தன. வீட்டில் குழந்தை புதுப் பாவாடையுடனேயே, வாசற்பக்கம் தலை வைத்து உறங்கிப் போயிருந்தாள். காலையில் எழுந்தவள் கேக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அப்பாவுக்கு டியூட்டி" என்று தன் தோழியிடம் அவளே சமாதானம் கூறிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேற்றியிருப்போம். அவள் அழாதது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இவ்வாண்டு கார்த்திகை பிறந்தும், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவள் வாய் திறக்கவில்லை.

கேட்காத குழந்தையின் விருப்பத்தை எங்ஙனம் அறிவது? அவளிடம் ஒரு தகர டப்பா உண்டு. அதில் மணி, சோழி, உடைந்த வளையல் ஆகியவற்றோடு ஓர் இரண்டு ரூபாய் நாணயமும் இருக்கிறது. பயணச்சீட்டுச் சாளரத்தில் நம் கைக்கு வந்ததை, வேறு நாணயம் போட்டு மாற்றிக்கொண்டு அவளுக்குக் கொடுத்திருந்தோம். இந்திய ரயில்வேயின் 150 ஆண்டு நிறைவை ஒட்டி 2003-இல் வெளியிடப்பட்ட நாணயம் அது. அதில் கையில் விளக்கேந்திய யானை ஒன்று நிற்கும். 'போலு' என்பது அதன் பெயர். ரயில்வேயின் சின்னமான கார்டு யானை. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு நம் நாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடியதல்லவா? அதன் 150-ஆம் ஆண்டு விழாத் தொடக்கமாக, 2002 ஏப்ரல் 16 அன்று பெங்களூரில்தான் போலு முதன்முதலாக வெளியிடப்பட்டது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகம் உருவாக்கிய அந்த யானை, அன்று மாலை கர்நாடகா எக்ஸ்பிரசுக்குப் பச்சை விளக்குக் காட்டி வழியனுப்பியது. விழாவோடு விடைபெற வேண்டியதை, 2003-இல் நிலையான சின்னமாகவே ரயில்வே வைத்துக்கொண்டது. நம் மகளுக்கு அது ஒரு சிநேகிதன். ஊரின் பெயரும் அதற்கு ஒத்தாற்போல் அமைந்திருக்கிறது. கன்னடத்தில் 'ஆனெ' என்றால் யானை; 'கல்லு' என்றால் கல். இரண்டும் சேர்ந்து 'ஆனெகல்லு' என்று வரும்போது ஆலங்கட்டிக்கும் பெயராகும் என்பர். அவளோ யானையைத் தவிர வேறு பொருளை ஏற்பதில்லை. பன்னர்கட்டாக் காட்டிலிருந்து கேழ்வரகுக் கொல்லைகளுக்கு யானைகள் இறங்கும் வட்டாரத்தில் வாழும் குழந்தைக்கு அது இயல்புதானே!

எனவே போலுவின் முகத்தையே கேக்காகச் செய்வது என்று முடிவு செய்தோம். அடுமனை ஒன்றில் விசாரித்தபோது, உருவக் கேக்கு இரண்டு கிலோவுக்குக் குறைந்து செய்வதில்லை என்றனர். அவர்கள் சொன்ன விலை நம் வீட்டுப் பால் கணக்கை விட அதிகமாயிருந்தது. "வீட்டிலேயே செய்துவிடலாங்க" என்று இல்லத்தரசி கூறினாள்.

நம் தாயார் மட்டும் உடன்படவில்லை. அவர் எழுப்பிய தடைகள் மூன்று. முட்டை போட்ட பண்டம் கார்த்திகை மாதத்தில் வீட்டில் கூடாது. பிள்ளையார் முகத்தைக் கத்தியால் வெட்டுவது பாவம். வீடெல்லாம் விளக்கேற்றும் மாதத்தில் எரியும் சுடரை ஊதி அணைப்பது அதனினும் பெரும் பாவம். "வெள்ளைக்காரன் பலகாரம் நமக்கெதுக்கு, சாமி?" என்றார்.

முதல் தடைக்கு விடை இந்நகரத்திலேயே இருந்தது. முட்டையில்லாக் கேக்குக்குப் பெங்களூர் ஐயங்கார் அடுமனைகள் பேர் பெற்றவை. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் என்பவர் 1898-இல் சிக்பேட்டையில் தொடங்கிய கடையே அவற்றிற்கு முன்னோடி. அவ்வடுமனைக்காரர்களில் பலர் வீட்டில் கன்னடம் கலந்த ஒருவகைத் தமிழ் பேசுவோர். முத்துசாமி முதலியார் 1905-இல் தொடங்கிய நீல்கிரீஸ் நிறுவனமும் 1936-இல் பிரிகேட் சாலைக்கு வந்து, பிற்காலத்தில் இந்நகரத்தாருக்கு வெண்ணெயும் ரொட்டியும் கேக்கும் வழங்கியது. பண்டம் வெள்ளையருடையதாயினும், அதை இவ்வூரார் நாவுக்கு ஏற்றபடி சமைத்துத் தந்தவர்களில் நம்மவரும் உண்டு. இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். தாயார் கேட்டுக்கொண்டார், மற்ற இரண்டு தடைகளுக்கு விடை என்னவென்று வினவினார். நம்மிடம் விடை இல்லை.

பிறந்தநாளுக்கு முந்திய இரவு, குழந்தை உறங்கியபின் வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா ஏழு அங்குல வட்டத் தகரங்கள் இரண்டு கொடுத்து உதவினார். நம் வீட்டில் ஓவன் இல்லை. பெரிய குக்கரே அடுப்பு. அதன் அடியில் ஓர் அங்குலக் கனத்திற்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையத்தை வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காயவிட வேண்டும். ஒரு கோப்பை கெட்டித் தயிரில் முக்கால் கோப்பை பொடித்த சர்க்கரையைக் கரைத்து, சமையல் சோடா அரைத் தேக்கரண்டியும் பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டியும் இட்டால், ஐந்து நிமிடத்தில் தயிர் நுரைத்து எழும். அதனோடு அரைக் கோப்பை எண்ணெயும் சிறிது வெனிலாச் சாரமும் ஊற்றி, சலித்த மைதா ஒன்றரைக் கோப்பையைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். தயிரின் புளிப்பும் சோடாவும் கூடி எழுப்பும் காற்றே கேக்கை உப்ப வைப்பது. ஆகவே மாவைக் கலந்தபின் காக்க வைக்கலாகாது. சப்பாத்தி மாவு போல் அழுத்திப் பிசைந்தாலோ கேக்கு இறுகிவிடும்.

முதற் கேக்கை அடுப்பில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. எழுந்ததா என்று பார்க்கும் ஆசையால் மூடியைத் திறந்தோம். பச்சை விளக்கு எரியுமுன் வண்டியை நகர்த்தலாகாது என்பதை நாள்தோறும் காண்பவர்தாம் நாம். அடுக்களையில் அதை மறந்தோம். உள்ளே வெந்து உறைவதற்கு முன் சூடு தணிந்ததால் நடுப்பகுதி குழிந்து, கேக்கு கிணறாயிற்று. இல்லத்தரசி ஒன்றும் சொல்லாமல் மீண்டும் தயிரை அளந்தாள். அடுத்த இரண்டையும் முப்பது நிமிடம் வரை தொடவில்லை. சிறுதீயில் முக்கால் மணி ஆனபின் குச்சியால் குத்திப் பார்த்தோம். மாவு ஒட்டாமல் வந்தது.

யானை முகத்திற்கு இரண்டு வட்டங்கள் போதும். ஒன்று தலை. மற்றொன்றின் இரு ஓரங்களையும் பிறைபோல் வெட்டினால் இரண்டு காதுகள்; நடுவில் எஞ்சும் பட்டையே தும்பிக்கை. காகிதத்தில் வரைந்து, அதை மேலே வைத்து வெட்டினோம். கேக்கு நன்றாக ஆறிய பின்னரே வெட்ட வேண்டும். இளஞ்சூட்டில் வெட்டினால் உதிரும். பூச்சும் உருகி வழியும். ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு மெல்லிய சர்க்கரைப் பொடி குழைத்ததே பூச்சு. முதலில் மெல்லியதாக ஒரு கை பூசி, உதிரும் துகள்களை அதிலேயே அடக்கிக் குளிரவைத்து, அதன்பின் இரண்டாம் கை பூசினால் முகம் வழவழப்பாகும். சாம்பல் நிறச் சாயம் வேண்டாம் என்று சிறிது கோக்கோ கலந்தோம். மண்ணில் புரண்டு வந்த யானையின் நிறம் வந்தது.

மணி பதினொன்றைக் கடந்தபோது, தும்பிக்கையை எடுத்துத் தலையோடு பொருத்தக் கை வைத்தோம். அது மூன்று துண்டாயிற்று. மாவும் தயிரும் தீர்ந்திருந்தன. தும்பிக்கையற்ற யானையைக் காலையில் எவ்வாறு காட்டுவது? சென்ற ஆண்டின் வாசற்படி நினைவுக்கு வந்தது. இல்லத்தரசி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுக்களை வாயிலில் தாயார் நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தாரோ, தெரியவில்லை. முறிந்த துண்டுகளையும், குழிந்துபோய் மூலையில் கிடந்த முதற் கேக்கையும் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பழைய கேக்கை உதிர்த்துத் தட்டில் கொட்டி, நம் பூச்சில் ஒரு பிடி அள்ளிப் போட்டுப் பிசையத் தொடங்கினார். பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கும் பதம் வந்ததும் அதை உருட்டி நீட்டி, நுனியைச் சற்றே வளைத்து, தலையோடு சேர்த்துக் கட்டைவிரலால் தடவினார். ஆண்டுதோறும் மஞ்சளிலும் களிமண்ணிலும் பிள்ளையார் பிடித்துப் பழகிய கை அல்லவா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைத்தான் கேட்டிருக்கிறோம். அன்றிரவு நாம் குரங்காக்கி வைத்திருந்ததை அவர் யானையாக்கினார்.

"இது பிள்ளையார் இல்லைங்கம்மா, ரயில் கார்டு" என்று தயக்கத்துடன் கூறினோம்.

"யாராயிருந்தா என்ன? மூக்கில்லாம விடியலாமா?" என்றார் தாயார்.

விளக்கு ஒன்றே பாக்கி. பச்சை டூட்டி ஃப்ரூட்டித் துண்டுகளை ஒரு பிஸ்கோத்தின் மேல் ஒட்டித் தும்பிக்கையின் கீழ் வைத்தோம். கண்களுக்கு உலர்ந்த திராட்சை இரண்டு.

காலையில் நீராடிப் புத்தாடை உடுத்தி வந்த குழந்தை, பலகையின் முன் நின்றாள். நெடுநேரம் பேசவில்லை. பின் உள்ளே ஓடித் தகர டப்பாவைக் கொண்டுவந்து, நாணயத்தைக் கேக்கின் அருகில் வைத்து, ஒன்றையும் மற்றொன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "போலு!" என்றாள். அதற்குள் வந்துவிட்ட பக்கத்து வீட்டு அக்கா, "ஆனெ தும்பா சென்னாகிதெ!" என்று கை தட்டினார்.

மெழுகுவத்தி ஆறு ஏற்றினோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் குழந்தைகளின் பிறந்தநாளில் வயதுக்கேற்ப மெழுகுவத்தி ஏற்றினர் என்பர்; அவ்வழக்கமே சுற்றிச் சுற்றி ஆனேக்கல் வரை வந்திருக்கிறது. தாயார் சுவரோரம் நின்று சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊது கண்ணு" என்றாள் இல்லத்தரசி. குழந்தை கன்னத்தை உப்பினாள், பின் நிறுத்தினாள். "கார்டு விளக்கை அணைச்சுட்டா வண்டி எப்படிப் போகும்?" என்று கேட்டாள்.

யாருக்கும் விடை தெரியவில்லை. தாயார் முன்வந்து மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாசற்படியில் இரவு ஏற்றிய அகல்களின் அருகே வரிசையாக நட்டு வைத்தார். அவை தாமே எரிந்து தீர்ந்தன. அடுத்துக் கத்தியைக் கொடுத்தபோதும் குழந்தை முகத்தைத் தொடவில்லை. காதின் ஓரத்தை மட்டும் வெட்டி முதல் துண்டை, "ஆயா, உனக்கு" என்று நீட்டினாள். கடைக் கேக்கைக் கையால் தொடாத தாயார் அதை வாங்கி உண்டார். "இனிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அவர் கூறியது உண்மைதான்.

இதைப் படிக்கும் அன்பர்கள், கேக்குச் செய்தால்தான் குழந்தை மகிழும் என்று நாம் கூறுவதாகக் கொள்ள வேண்டா. பாயசமே போதும் என்னும் இல்லங்களும் உண்டு; அவ்வாறே ஆகுக. வாக்களித்ததை முதல்நாளே செய்து வையுங்கள், அடுப்பில் ஏற்றியதை இடையில் திறவாதீர்கள், கெட்டுப்போனதை எறிந்துவிடாதீர்கள். நாம் கற்றவை இம்மூன்றே.

பச்சை விளக்கை மட்டும் உண்ணாமல் குழந்தை தன் டப்பாவில் நாணயத்தோடு வைத்துக்கொண்டாள். மறுநாள் டப்பா முழுவதும் எறும்பு. சோழிகளை எல்லாம் கழுவித் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் நம் தோளில் சாய்ந்து, "அப்பா, அடுத்த வருஷம் எஞ்சின் செய்யலாமா?" என்று கேட்டாள்.

ஓராண்டுக்குப் பின் அவள் கேட்டுவிட்டாள். எஞ்சினுக்கு எத்தனை சக்கரம் வைப்பது என்று அன்றிரவே காகிதத்தில் வரையத் தொடங்கினோம்.