11ஆம் எண்

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 11 எண்கள் உண்டு. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள். 8 என்றால் கடும்புயல் துறைமுகத்தை ஒருபுறமாக விட்டுக் கரையைக் கடக்கும். 9 என்றால் மறுபுறமாக. 10, துறைமுகத்தின் மேலேயே அல்லது வெகு அருகில். அபாயம் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 11 இருக்கிறது. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். உச்ச அபாயத்துக்கும் மேலே வைக்கப்பட்டிருப்பது மௌனம்.

2018 நவம்பர் 15 இரவு, காரைக்காலில், எங்கள் வீட்டுக்குள் நான் அந்த எண்ணில்தான் இருந்தேன்.

கஜா என்று புயலுக்குப் பெயர். ஸ்ரீலங்கா கொடுத்த பெயர். முதலில் வட தமிழகக் கரை என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் என்றார்கள். அந்த நடுவில்தான் நாங்கள் இருக்கிறோம். டொர்னாடோ வரும் நாடுகளில் சில நிமிஷ அவகாசத்தில் நிலவறைக்குள் ஓடுகிறார்கள். இங்கே நாலைந்து நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். அத்தனை நாளும் பயத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வர வேண்டும். நானும் கௌண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது ஓட்டு வீடு. ஒரே ஒரு அறைக்குத்தான் தளம். அம்மாவும் நானும் அதற்குள் போய்க்கொண்டோம். இரண்டு குடம் தண்ணீர், கொஞ்சம் அவல், தீப்பெட்டி. ஜன்னல் கதவுகளைக் கொடிக்கயிற்றால் இழுத்துக் கட்டினேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அம்மாவுக்குக் கடலைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்தாள். ஆங்கிலத்தில் புயலாக இருக்கும் சொல் நம் வீடுகளில் விளக்காகிவிட்டதை அன்றுதான் கவனித்தேன். பத்து மணிக்கு மேல் மின்சாரம் இல்லை. பிறகு கைபேசியும் இல்லை.

காற்று ஊளையிட்டது என்று எழுதுவது வழக்கம். ஊளையில் மூச்சு வாங்க ஓர் இடைவெளி உண்டு. இதில் இல்லை. ஓடுகள் கழன்று முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தன. தொழில் புத்தி, எண்ண ஆரம்பித்தேன். நாற்பதுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது. பி.ஏ.யில் கிங் லியர் படித்திருக்கிறேன். அவன் வெட்டவெளியில் நின்று புயலோடு பேசுகிறான். வீட்டுக்குள் இருப்பவனுக்கு வசனம் கிடையாது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு மணி வாக்கில் வடக்கு ஜன்னலின் ஆட்டம் குறைந்து, கிழக்கு ஜன்னல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“வாடை கொண்டலாயிடுச்சு. தெக்கால போவுதுடா” என்றாள் அம்மா.

வங்கக் கடலில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். புயல் மேற்கு நோக்கி வரும்போது அதற்கு வடக்கே இருப்பவர்களுக்கு வாடை கொண்டலாகும், பிறகு தெற்கே திரும்பும். தெற்கே இருப்பவர்களுக்கு வாடை மேல்காற்றாகும். அம்மா இதையெல்லாம் படித்ததில்லை. செய்தி அறுந்த இடத்தில் ஜன்னல் செய்தி சொன்னது, அவளுக்கு அது புரிந்தது.

எனக்கும் புரிந்தது. “போ, போ” என்றேன். மனசுக்குள் அல்ல, வாய்விட்டு. ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் ப்ராஸ்பரோ புயலை ஏவுகிறான். கப்பலில் இருந்தவர்கள் ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுவதில்லை. நான் சொல்லிப் புயல் எங்கும் போகவில்லை என்பது தெரியும். ஆனால் சொன்னேன். வாஞ்சூரோடு எங்கள் பிரதேசம் முடிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் விட்டுப்போன எல்லை. நான் “போ” என்று சொன்ன தெற்கு, வாஞ்சூருக்கு அப்பால், ஊரும் பெயரும் இல்லாமல் வெறும் திசையாக இருந்தது. பிறகு தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம்.

காலையில் எங்கள் தெருவில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் புயல் ‘கரையைக் கடந்தது’ என்றார்கள். கடலிலிருந்து பார்க்கிறவன் வைத்த முற்றுப்புள்ளி அந்த வாக்கியம். கரையில் அப்போதுதான் ஆரம்பம். வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று அந்தத் திசைக்குப் பெயர்கள் வர ஆரம்பித்தன. லட்சக்கணக்கில் தென்னை விழுந்திருந்தது.

ஒரு மாசம் கழித்து வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்காகப் போட்டிருந்த வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்க வேண்டும். தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை. இனிமேல் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷமாகும் என்றார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“ஒங்க பக்கம் எப்படிங்க?”

“கொஞ்சம் ஓடுதான் போச்சு. தெக்க போயிடுச்சில்ல” என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

“நல்லதாப் போச்சு” என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது நல்லதாகத்தான் பட்டது. முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் பிடித்தம் உண்டு. அதைக் கணக்குப் போட்டு, கழித்து, மீதியை எண்ணிக் கொடுத்தேன். அவர் இன்னொரு தரம் எண்ணிப் பார்க்காமல் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார்.