சுடாத துப்பாக்கியிலும் அழுக்கு சேரும்

இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு ஆபீஸ் போகிறவரை நம்மில் பலர் சினிமாவில்தான் பார்த்திருப்போம். அமெரிக்காவில் அப்படிப் போகிறவர்கள் ஏராளம். சட்டைக்குள் இருப்பதால் வெளியே தெரியாது, அவ்வளவுதான். டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், வேறு தடை எதுவும் இல்லாத பெரியவர்கள் உரிமம் வாங்காமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல வழிவிட்டது. இது சரியா, தப்பா என்று அங்கேயே ஓயாத சண்டை. அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். இங்கே பார்க்கப்போவது ஒரு சின்னக் கேள்வி. தற்காப்புக்காக வைத்திருக்கும் துப்பாக்கியை எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்?

கேள்வி சின்னதுதான். ஆனால் சுத்தம் செய்யாமல் விட்டாலும் உயிர் போகலாம், கவனமில்லாமல் சுத்தம் செய்தாலும் உயிர் போகலாம்!

முதலில் ஓர் ஆச்சரியம். சுட்டால்தானே கரி படியும், சுடாத துப்பாக்கியை எதற்குத் துடைக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் தினமும் உடம்போடு ஒட்டிக்கிடக்கும் துப்பாக்கிக்கு வியர்வைதான் பெரிய எதிரி. ஹூஸ்டன் மாதிரி புழுக்கமான ஊரில் கேட்கவே வேண்டாம். வியர்வையில் இருக்கும் உப்பு இரும்பில் துருவைக் கொண்டுவரும். சட்டையிலிருந்து உதிரும் நூல் பிசிறும் தூசியும் உள்ளே புகுந்து எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். போட்ட எண்ணெயும் நாளாக நாளாக வழிந்தும் காய்ந்தும் போய்விடும். ஆக, ஒரு தோட்டாகூடச் சுடாமல் ஆறு மாதம் இடுப்பிலேயே இருந்த பிஸ்டல், அவசரத்துக்கு எடுக்கும்போது சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கடை திறக்காவிட்டாலும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறதே, அந்த மாதிரி.

சரி, சுட்ட துப்பாக்கி? பழைய ஆட்கள், சுட்ட அன்று இரவே கழுவித் துடைக்காமல் படுக்கக்கூடாது என்பார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டாவின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்துச் சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கும். இன்று கடைகளில் விற்கும் புதிய கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் பெரும்பாலும் அந்தப் பிரைமர் இல்லை. அதனால் ஓர் இரவு தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. காரணம் போனாலும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் தற்காப்புத் துப்பாக்கிக்கு அது நல்ல பழக்கம்தான். பயிற்சிக்குச் சுட்ட பிறகு கரியோடு அதைத் திரும்ப இடுப்பில் செருகுவதில் அர்த்தமில்லையே.

பராமரிப்பை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போர் ஓர் உதாரணம். 1960களின் நடுவில் அமெரிக்கப் படைகளுக்கு எம்-16 ரைபிள் கொடுக்கப்பட்டது. இதைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சு எப்படியோ பரவியது. சுத்தம் செய்யும் கருவிகளும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. போதாக்குறைக்கு வெடிமருந்தையும் மாற்றியிருந்தார்கள். சண்டை நடுவே ரைபிள்கள் அடைத்துக்கொண்டன, வீரர்கள் செத்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. பிறகு வடிவமைப்பில் மாற்றங்கள் வந்தன. வீரர்களுக்குப் பராமரிப்பைச் சொல்லித்தர வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியரைக் கொண்டு படக்கதைக் கையேடே போட்டார்கள். ரைபிள் வேறு, கைத்துப்பாக்கி வேறுதான். பாடம் ஒன்றுதான்.

அப்படியானால் தினமும் சுத்தம் செய்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும், முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால், அதன் முனையில் இருக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அழுந்திவிடும். அப்படி அழுந்திய தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறித் துப்பாக்கியே உடையலாம். எண்ணெயை அள்ளி ஊற்றினாலும் ஆபத்து. அது பிரைமருக்குள் ஊடுருவித் தோட்டாவை வெடிக்காமல் செய்துவிடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. க்ளாக் போன்ற சில பிஸ்டல்களைக் கழற்றுவதற்கு முதலில் விசையை அழுத்தியாக வேண்டும். மேகசினை உருவிவிட்டோம், காலிதான் என்று நினைத்து அழுத்துவார்கள். குழலின் பின்னால் அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும்! 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கி விபத்துகளில் இறந்தவர்கள் 549 பேர். எல்லாமே சுத்தம் செய்யும்போது நடந்தவை அல்ல. ஆனாலும் 'காலி என்று நினைத்தேன்' என்பது அங்கே கேட்டுப் புளித்துப்போன வாக்கியம். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே பாவிக்க வேண்டும் என்பதை ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் முதல் விதியாக வைத்தது இதனால்தான்.

ஆகவே கணக்கு இப்படி வருகிறது. சுட்டால், அடுத்து இடுப்பில் வைப்பதற்கு முன் சுத்தம். சுடாவிட்டாலும் தினமும் அணிகிறவருக்கு மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, தயாரிப்பாளரின் கையேடு காட்டும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய். வியர்வை அதிகமென்றால் வாரம் ஒருமுறை வெளிப்புறத்தை ஒரு துடைப்பு. மழையில் நனைந்தால் அன்றைக்கே. தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில். மேகசினை உருவி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் ஈயம் ஒட்டிய கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

இத்தனையும் எதற்கு? அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் துப்பாக்கியை ஒரு மனிதனை நோக்கிச் சுடும் வேளை வாழ்நாளில் வரவே போவதில்லை. இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுவதைப் போலத்தான் இதுவும். பணம் திரும்பி வராவிட்டால்தான் லாபம். ஒரே ஒரு வித்தியாசம், இந்தப் பிரீமியத்தைக் கட்டும் நேரத்திலேயே உயிர் போகலாம். அதனால் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்பவர், அறையைத் தடவிப் பார்த்தோமா என்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நல்லது.