ஒரு கிழமையில் 12 மணித்தியாலம்

சென்ற இரண்டாம் தவணை விடுமுறையில் எங்கள் உயர்தர வகுப்பு மாணவிகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு போட்டி நடத்தினோம். கணினி விளையாட்டுச் செய்யும் போட்டி. அறிவித்த தலைப்புக்கு ஏற்ப, அறிவித்த நேரத்துக்குள், ஒரு சிறிய விளையாட்டை ஆக்கி அனுப்ப வேண்டும். அறிவித்தல், தலைப்பு, சந்தேகம் தீர்த்தல் எல்லாமே ஒரு வாட்ஸ்அப் குழுவில். உலகத்தில் இதற்கு 'கேம் ஜாம்' என்று பெயர். வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா, "ஜாமா? என்ன பழத்துல மகள்?" என்று கேட்டார். இசைக்கலைஞர்கள் ஒத்திகை இல்லாமல் கூடியிருந்து வாசிப்பதை 'ஜாம்' என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் விளையாட்டுச் செய்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வழக்கம் பழையதும் அல்ல, மிகப் புதியதும் அல்ல. 2002ஆம் ஆண்டில் ஜெஃப் ஹவ்லண்ட் என்பவர் 'லூடம் டேர்' என்ற போட்டியைத் தொடங்கினார். இலத்தீன் மொழியில் 'விளையாட்டைக் கொடுத்தல்' என்று பொருள். முதல் தடவை 24 மணித்தியாலம்; பிறகு 48 ஆனது. அவரவர் தன் வீட்டிலிருந்தே செய்வார்கள். தலைப்பை வாக்களித்துத் தெரிவார்கள். ஆனால் எது வென்றது என்பது போட்டி தொடங்கும் நிமிடத்தில்தான் தெரியும். யாரும் முன்கூட்டியே தொடங்கிவிடக் கூடாது அல்லவா. பணப்பரிசு கிடையாது. செய்து முடித்த விளையாட்டுத்தான் பரிசு. 2009இல் தொடங்கிய 'குளோபல் கேம் ஜாம்' இன்னொரு வகை. அந்த முதல் வருடமே 23 நாடுகளில் 53 இடங்களில் ஆட்கள் கூடிச் செய்தார்கள். சொற்களையே தள்ளித் தள்ளி விளையாட்டின் சட்டத்தை மாற்றும் 'பாபா இஸ் யூ' என்ற புகழ்பெற்ற விளையாட்டு, பின்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் 2017இல் இப்படியொரு ஜாமில் தொடக்கிவைத்ததுதான்.

நேரத்தை ஏன் இறுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் வகுப்பின் கணினிகளைத் திறந்து காட்டலாம். பூனை நடக்கும், ஆனால் குதிக்காது. கார் ஓடும், ஆனால் பாதை முடியாது. தொடங்கியவை நிறைய இருந்தன. முடித்தது ஒன்றுகூட இல்லை. நேரம் குறைவாக இருந்தால் ஆசையும் சிறிதாகும், சிறியதை முடிக்கலாம்.

ஆகவே முதலில் நாங்களும் 48 மணித்தியாலம் என்றே எழுதினோம். வெள்ளி மஃரிபிலிருந்து ஞாயிறு மஃரிப் வரை. எழுதிவிட்டு, சேர விரும்பிய 31 பேரிடமும் ஒரேயொரு கேள்வி கேட்டோம்: அந்த இரண்டு நாளில் உனக்கு எத்தனை மணித்தியாலம் கிடைக்கும்?

பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருத்தி சனிக்கிழமை முழுக்க இரசாயனவியல், பௌதிகவியல் வகுப்பு என்றாள். இன்னொருத்தியின் வீட்டில் இருக்கும் ஒரே போன் வாப்பாவுடையது. அவர் சம்மாந்துறையில் வயல் பார்க்கப் போனால் போனும் போய்விடும், இஷாவுக்குப் பிறகுதான் திரும்பி வரும். நிந்தவூரில் ஒருத்திக்கு ராத்தா பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தார். குழந்தை தூங்கும் நேரம்தான் அவளுக்கு நேரம். ஒருத்தி மட்டும் "48ம் கிடைக்கும்" என்று எழுதினாள். அவளுக்குத் தனி அறை, மடிக்கணினி, வைஃபை எல்லாம் இருந்தது. அது அவளுடைய குற்றமில்லை. ஆனால் இந்த 31 பேரையும் ஒரே மணிக்கூட்டில் நிறுத்தினால், நாங்கள் அளப்பது திறமையையா, வீட்டையா?

தேடியபோது 'பைவீக்' என்ற போட்டி கண்ணில் பட்டது. உயர்தரத்தில் நாம் படிக்கும் அதே பைதன் மொழியில் விளையாட்டுச் செய்யும் போட்டி அது. 2005இலிருந்து நடக்கிறது. அதற்கு முழுதாக ஒரு கிழமை கொடுப்பார்கள். அதைப் பார்த்து நாங்கள் ஒரு விதி அமைத்தோம். போட்டிக் காலம் ஞாயிறு தொடங்கிச் சனி வரை ஏழு நாள். அதற்குள் எந்த நேரத்திலும் செய்யலாம், ஆனால் மொத்தம் 12 மணித்தியாலம்தான். எப்போது தொடங்கினாள், எப்போது எழும்பினாள் என்று ஒவ்வொருத்தியும் தன் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். குழந்தை அழுதால் எழும்பலாம், மணிக்கூடு நின்றுவிடும்.

எங்கள் ஆறு பேருக்குள் இதுதான் பெரிய வாக்குவாதம். "எழுதினது உண்மையா எண்டு ஆரு பாக்கிற?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் உடனே பதில் வரவில்லை. மற்றொருத்தி, "நோன்ப ஆரு பாக்கிற?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. குளோபல் கேம் ஜாமிலும் முன்பு இதுபோல ஒன்று இருந்தது என்பதைப் பிறகுதான் வாசித்தேன். அங்கே ஒவ்வொரு நாடும் தன் உள்ளூர் நேரப்படி தொடங்கியது. நியூசிலாந்துக்காரர்களுக்குத் தலைப்பு முதலில் தெரியவந்தது. கடைசியில் ஹவாய் தீவுக்காரர்கள் தொடங்கும் வரை அவர்கள் அதை வெளியே விடக்கூடாது என்றிருந்தது. ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க இத்தனை ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இடையில் ஒன்று. நோன்பு விடுமுறையில் நடத்தலாமே என்று தொடக்கத்தில் ஒரு யோசனை வந்தது. அந்த மாதத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்று ஐந்து பேர் ஒரே குரலில் சொன்னதால் அது அங்கேயே நின்றது.

பெற்றோரைக் கேட்காமல் எதையும் தொடங்க முடியாது. ஒரு தாய் எனக்கே போன் எடுத்து, "மகள், அந்தக் குரூப்ல ஆம்புளப் புள்ளைகளும் இருக்காங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் குழுவில் நமது கல்லூரி மாணவிகளும் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை ஒருவரும் மட்டும்தான் இருந்தோம். படம், குரல் பதிவு எதுவும் போடக்கூடாது. இரவு பத்து மணிக்குப் பிறகு செய்தி அனுப்பக் கூடாது. விளையாட்டின் மேல் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம்தான் இருக்கும். இவற்றை ஒரு தாளில் எழுதி, பெற்றோரின் ஒப்பம் வாங்கினோம். என் வாப்பா ஒப்பம் வைக்க முன்பு, "ஏ.எல். படிக்கிற புள்ளைகளுக்கு இப்ப இதுவா தேவ?" என்றார். ஏழு நாளில் 12 மணித்தியாலம் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம்கூட வராது என்று கணக்குக் காட்டினேன். கணக்குச் சரிதான் என்றார். சம்மதம் என்று சொல்லவில்லை. ஒப்பம் வைத்தார்.

ரீலோட் காசும் ஒரு பிரச்சினை. ஆகவே பைதன், பைகேம், ஸ்கிராச் ஆகிய மூன்றையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றி, விடுமுறை விடுவதற்கு முன்பே கைமாற்றிக் கொடுத்தோம். தலைப்பைப் பார்க்கவும் முடிவில் அனுப்பவும் மட்டும் இணையம் போதும். வீட்டில் கணினி இல்லாதவள் இருப்பவளோடு சேர்ந்து இரண்டு பேர் அணியாகலாம் என்றும் வைத்தோம். கல்முனைக்குடியில் ஒருத்தி தாளில் படம் வரைந்து போனில் பிடித்து அனுப்ப, சாய்ந்தமருதில் மற்றவள் அதை விளையாட்டுக்குள் சேர்த்தாள். பிறகு, இவள் வரைந்த காகம் புறாவைப் போல இருக்கிறதென்று இரண்டு நாள் சண்டை.

தலைப்புக்குப் பன்னிரண்டு யோசனைகள் வந்தன. வாக்கில் வென்றது 'ஒண்டுதான் இருக்கு'. (2013ஆம் ஆண்டின் லூடம் டேர் போட்டி ஒன்றிலும் ஏறக்குறைய இதே தலைப்பு வந்திருக்கிறது என்று பிறகு பார்த்தேன்.) 31 பேரில் 24 பேர் தொடங்கினார்கள். முடிந்து வந்தவை 15 விளையாட்டுகள்.

எனக்கு மிகவும் பிடித்தது மருதமுனை மாணவி ஒருத்தி செய்தது. அவளுடைய மூத்தம்மா வீட்டில் தறி இருந்ததாம். திரையில் ஒரு சாரம், பாதி நெய்தபடி இருக்கும். ஒரேயொரு நூல்கண்டுதான் மிச்சம். எந்தக் கட்டத்தை நெய்வது, எதை விடுவது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டால் நூல் ஓரத்தில் முடிந்து, நடுவில் ஓட்டை விழும். நான் நான்கு தடவை ஆடியும் என் சாரத்தில் ஓட்டைதான். இன்னொன்றில் ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரு போன், சார்ஜ் குறைந்துகொண்டே போகும், யாரிடம் கொடுப்பது? காக்காவிடம் கொடுத்தால் திரும்பி வராது. அதை ஆடியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மற்றவற்றில் சில ஓடவேயில்லை, சில ஒரு நிமிடத்தில் முடிந்தன. இரண்டு ஒன்றுக்கொன்று அச்சாக ஒரே மாதிரி இருந்தன, காயப்போட்ட மீனைப் பூனையிடமிருந்து காப்பது.

பைகேமில் தமிழ் எழுத்து உடைந்தது பற்றிச் சொல்ல வேண்டும். 'கொக்கு' என்று எழுதினால் கொம்பும் காலும் தங்கள் இடத்தில் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றன. கணினி 'கெ' என்பதைச் சேமிக்கும்போது முதலில் ககரத்தையும் பிறகு கொம்பையும் வைக்கிறது. திரையில் வரையும்போதுதான் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். எங்கள் கணினிகளில் இருந்த பைகேம் அந்த வேலையைச் செய்யவில்லை. மூன்று பேர் தனித்தனியே இதோடு மல்லுக்கட்டி, மூன்று பேரும் ஒரே வழிக்கு வந்தார்கள். சொல்லைப் படமாக வரைந்து, அந்தப் படத்தைத் திரையில் போடுவது. ஒருத்தியின் கொப்பியில் "எழுத்துக்காக 3 மணித்தியாலம்" என்று இருந்தது. 12இல் 3. ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இந்த மூன்று மணித்தியாலம் செலவாகவில்லை. அடுத்த முறை பென் டிரைவிலேயே இதற்கு ஒரு வழி செய்து கொடுக்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

லூடம் டேரில் செய்யும் நேரம் முடிந்ததும் அனுப்புவதற்கென்று தனியாக ஒரு மணித்தியாலம் தருவார்கள். நாங்கள் அதை நீட்டி, சனி இரவு எட்டு மணியோடு செய்வது முடியும், ஞாயிறு காலை எட்டு மணி வரை அனுப்பலாம் என்று வைத்தோம். சனி பின்னேரம் கச்சான் காற்று பலமாக அடித்தது. மஃரிபுக்குச் சற்று முன்பு கரண்ட் போய்விட்டது. சில பகுதிகளில் பத்து மணிக்கு வந்தது, சில இடங்களில் காலையில்தான்.

அனுப்பும் நேரம் முடிந்து மூன்று மணித்தியாலம் கழித்து, ஞாயிறு பதினொரு மணிக்கு ஒரு விளையாட்டு வந்தது. கரைவலை விளையாட்டு. ஒரே ஒரு தடவைதான் வலை வளைக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் எல்லாம் போய்விடும். வந்தவற்றில் அதுதான் சிறந்தது என்பதில் எங்கள் ஆறு பேருக்கும் வேறுபாடே இல்லை. அவள் கொப்பியில் இருந்தது ஒன்பதரை மணித்தியாலம். கடைசி இரண்டரை மணித்தியாலத்தைக் கரண்ட் கொண்டுபோனது. விடிந்து கரண்ட் வந்ததும் கணினி திறக்க மறுத்ததால்தான் பிந்தியது.

மூன்று பேர் சேர்க்கலாம் என்றோம், மூன்று பேர் கூடாது என்றார்கள். சேர்க்கலாம் என்றதற்குக் காரணம் எளிது. பாடசாலை திறந்த பிறகுதான் கணினி அறையில் எல்லாரும் ஆடிப் புள்ளியிடப் போகிறோம். மூன்று மணித்தியாலத்தால் யாருக்கும் நட்டமில்லை. கூடாது என்றவர்கள் வேறொரு மாணவியைக் காட்டினார்கள். அவளுக்கும் கரண்ட் போயிருந்தது. எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று, கரண்ட் இருந்த மாமி வீட்டுக்குச் சுபஹுக்குப் பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு போய், சத்தம் சேர்க்காத விளையாட்டை அப்படியே அனுப்பியிருந்தாள். "நேரம் தருவீங்க எண்டு தெரிஞ்சிருந்தா நானும் எடுத்திருப்பனே" என்று அவள் கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் மற்றப் பக்கம் போனேன். கரைவலை விளையாட்டு மற்றவற்றோடு கணினி அறையில் இருக்கும், எல்லாரும் ஆடலாம், கருத்துச் சொல்லலாம். புள்ளி மட்டும் இல்லை. நான்குக்கு இரண்டு. அதுவே சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த இரண்டு பேர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அதில் ஒருத்தி என் பக்கத்து மேசை.

புள்ளியிடும் கிழமையில் ஒவ்வொருத்தியும் குறைந்தது பத்து விளையாட்டை ஆடிப் புள்ளி போட்டால்தான் அவளுடைய விளையாட்டுக்கும் புள்ளி சேரும் என்றிருந்ததால் இடைவேளையில் கணினி அறை நிறைந்துவிட்டது. முதலிடம் தறி விளையாட்டுக்கு. சத்தமில்லாத விளையாட்டு நான்காவது. கரைவலைக்கு முன்னால்தான் வரிசை நீளமாக இருந்தது. ஆசிரியை ஒருவர் மூன்று நாளும் வந்து இழுத்தார், மூன்று நாளும் வலை கோணியது.

கரைவலை செய்தவளை நடத்தும் குழுவுக்குச் சேர்த்துக்கொண்டோம். வந்த முதல் நாளே, முடிவு நேரத்தை இரவு எட்டிலிருந்து ஞாயிறு சுபஹுக்குப் பிந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்றாள். அப்படி மாற்றினால் பிள்ளைகள் இரவு முழுக்க விழித்திருப்பார்கள், பெற்றோர் ஒப்பம் தரமாட்டார்கள் என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. மார்கழி விடுமுறைக்குள் முடிவெடுக்க வேண்டும். இதுவரை எடுக்கவில்லை.