விக்கிரகமில்லாத கோயிலைச் சுற்றி

கொல்கத்தாவிலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணத்தில் போல்பூர். அங்கிருந்து பேட்டரி ரிக்‌ஷா ஏறினால் சாந்திநிகேதன். வீர்பூம் மாவட்டத்துச் செம்மண் காடு. 1863இல் தேவேந்திரநாத் தாகூர் தியானத்துக்கென்று இங்கே இருபது பீகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது, நிழலுக்கு ஏழிலைப்பாலை மரங்கள் இருந்தன. வேறு பெரிதாக எதுவும் இல்லை.

1888இல் எழுதிய அறக்கட்டளைப் பத்திரத்தில் அவர் கறாராக இருந்தார். எந்தச் சாதியாரும் வந்து தொழலாம். சிலை வழிபாடு, உயிர்ப்பலி, புலால், மது எதுவும் கூடாது. 1891இல் கட்டிய வழிபாட்டு மண்டபத்துக்கு வண்ணக் கண்ணாடிகளே சுவர். கருவறை கிடையாது. புதன்தோறும் பிரார்த்தனை என்பதால் இங்கு வார விடுமுறையும் புதன்தான்.

விக்கிரகத்தை உள்ளே விடாத இந்த இடத்தில், வெளியே திரும்பிய பக்கமெல்லாம் உருவங்கள். எனக்குச் சாந்திநிகேதனின் விசேஷமே இதுதான். தேவேந்திரநாத்தின் மகன் ரவீந்திரநாத் 1901இல் பள்ளி தொடங்கினார். 1919இல் கலைப் பள்ளியான கலாபவனம் வந்தது. அதை வளர்த்தெடுத்த நந்தலால் போஸ், ராமகிருஷ்ண பரமஹம்சரின் பக்தர். சிலை வழிபாட்டை மறுத்த, தாகூர்கள் சார்ந்த பிரம்ம சமாஜத்துக்காரரே அல்ல. ஆனாலும் ரவீந்திரநாத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போனது.

பெண்கள் விரத நாட்களில் மாவுக் கரைசலால் தரையில் வரையும் ஆல்பனா இங்கே பாடமானது. நந்தலாலின் மகள் கௌரி பஞ்ஜா அதைப் பல தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1928இல் தொடங்கிய மரம் நடும் விழாவில் கன்று பல்லக்கில் ஊர்வலமாக வரும். ஆட்டமும் பாட்டும் உண்டு. நம்மூர் சுவாமி புறப்பாடேதான், சுவாமி மட்டும் மரக்கன்று. அலங்காரம், கோலம், உடை எல்லாம் கலை மாணவர்கள் கைவேலை. வகுப்பு எங்கே முடிந்தது, வழிபாடு எங்கே தொடங்கியது என்று கேட்டால் சொல்வது கடினம்.

கலாபவனச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் ஏழை வீட்டுப் பிள்ளை. வெண்கலத்துக்குக் காசில்லாத இடத்தில், சிமென்டில் செம்புரைக்கல் ஜல்லியைக் கலந்து 1938இல் பழங்குடியினரைக் காட்டும் ‘சந்தால் குடும்பம்’ சிலையை எழுப்பினார். காவடித் தண்டின் ஒரு கூடையில் குழந்தையை வைத்துத் தூக்கிச் செல்லும் தந்தை, பக்கத்தில் மனைவி, கூடவே நாய். பீடத்தில் ஏற்றிவைக்க எத்தனையோ கடவுளர் இருக்க, அவர் ஏற்றியது பிழைப்புத் தேடிப் போகும் குடும்பத்தை.

இந்தி பவனத்துக்குள் அவசியம் போக வேண்டும். கண்பார்வை மிகக் குறைந்த ஓவியர் வினோத்பிஹாரி முகர்ஜி அங்கே கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் முதலிய பக்தர்களின் உலகத்தை 1947 வாக்கில் ஈரச் சுண்ணத்தில் தீட்டினார். சுவர் காய்வதற்குள் வரைந்தாக வேண்டும். அழித்துத் திருத்த வழியில்லை. அடுத்த பத்தாண்டில் பார்வை முழுவதும் போனது. அவர் மாணவர் சத்யஜித் ராய் பின்னாளில் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்ததும் கூட்டம் கூடிவிட்டது. வருகிறவர்கள் பலர் சோனாஜுரி சந்தையில் சேலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், அவர்கள் பாடு.

கலாபவன வளாகத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு கட்டடம். அதில் வரைந்தவர் கல்பாத்தி கணபதி சுப்ரமணியன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்றவர். 1944இல் நந்தலாலிடம் மாணவராக வந்து, பின்னர் இங்கேயே ஆசிரியராகி, ஊருக்கே ‘மானி தா’ (மானி அண்ணன்) ஆனவர். சுவரோவியம் மங்கியபோது, 2009இல் எண்பத்தைந்து வயதில் சாரம் ஏறினார். பழையதைப் புதுப்பிக்கவில்லை, சுவர் முழுக்கப் புதிதாகவே வரைந்தார்.