வராத சனிக்கிழமை

காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டி அமைந்துள்ள கடற்கரை ஊர் கீழவாஞ்சூர். 2009ஆம் ஆண்டு முதல் அங்கே துறைமுகம் இயங்கி வருகிறது. கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி சரக்கு ரயில்களில் ஏறி உள்நாட்டுக்குச் செல்கிறது.

அக்கரையில் வளரும் குழந்தைகளுக்குத் தந்தை வீட்டில் இல்லாத நாள்கள் புதியவை அல்ல. விசைப்படகில் சென்றவர் சில நாள்களில் திரும்புவார். வளைகுடா நாட்டுக்குச் சென்றவர் சில ஆண்டுகளில் திரும்புவார். இவ்விரண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படையினர் பிடித்துச் சென்றுவிட்டால் அந்தக் கணக்கு தவறிவிடுகிறது. ஊர்க்காவற்றுறை நீதிமன்றம், யாழ்ப்பாணச் சிறை, மயிலிட்டியில் முடங்கிய படகு எனப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வர். குழந்தை உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

அவ்வாறு நின்றுபோன பேச்சின் நடுவே வாழும் ஒரு சிறுமியின் கதைதான் ஈ. நெஸ்பிட் எழுதி, 1906இல் நூலாக வெளிவந்த ‘தி ரயில்வே சில்ட்ரன்’. மகனின் பழுதான பொம்மை எஞ்சினைச் சனிக்கிழமை சரிசெய்து தருவதாகக் கூறுகிறார் தந்தை. அன்றிரவே இருவர் வந்து அவரை அழைத்துச் சென்றுவிடுகின்றனர். தாய் காரணம் சொல்வதில்லை. எதுவும் கேட்க வேண்டாம் என்கிறாள். ராபர்ட்டா, பீட்டர், ஃபிலிஸ் ஆகிய மூவருடன் ரயில் பாதைக்கு அருகே ஒரு வீட்டில் குடியேறி, கதைகள் எழுதி விற்றுக் குடும்பம் நடத்துகிறாள். கதை விற்ற நாளில் தேநீருடன் பன் கிடைக்கும். குளிர் தாங்காமல், நிலையத்தில் குவிந்திருந்த நிலக்கரியைத் திருடிப் பிடிபடுகிறான் பீட்டர். துறைமுகத்து நிலக்கரியைக் கண்டு வளர்ந்த வாஞ்சூர்ச் சிறுவனுக்கு இப்பகுதியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எனினும் நூலின் உயிர் மூத்தவள் ராபர்ட்டாவிடமே உள்ளது. நிலையப் பணியாளர் தந்த இதழ்களைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளில், நாட்டின் இரகசியங்களை விற்றதாகத் தந்தைக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட செய்தியை அவள் காண்கிறாள். தாயிடம் கேட்டு உண்மையை அறிகிறாள். அவர் குற்றமற்றவர் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. தம்பிக்கும் தங்கைக்கும் தெரியாமல் அவள் அதை மனத்துள் காத்து, அவர்களுடன் விளையாடிக்கொண்டும் இருக்கிறாள். சிறு வயதில் இவ்வளவு பாரம் சுமப்பதை நெஸ்பிட் வியந்து போற்றவில்லை. உள்ளபடியே சொல்லிச் செல்கிறார். நான்கு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தவர் அவர்.

நாள்தோறும் ரயிலிலிருந்து கையசைக்கும் செல்வாக்குமிக்க முதியவருக்கு ராபர்ட்டா கடிதம் எழுத, அவர் முயற்சியால் உண்மை வெளிப்படுகிறது. நூலின் பலவீனமான பகுதி இதுவே. கடற்கரைக் குடும்பங்களின் மனுக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் தில்லிக்கும் செல்கின்றன; அவற்றைப் படிக்க அத்தகைய முதியவர் எப்போதும் வாய்ப்பதில்லை. ஆயினும் குழந்தைக்கான கதையில் தந்தை திரும்பி வருவதைக் குறையென்று எவர் கூறுவர்?

ஒரு நாள் நிலையத்தில் எல்லாரும் ராபர்ட்டாவைப் பார்த்துப் புன்னகைக்கின்றனர். காரணம் அவளுக்கு விளங்கவில்லை. ரயில் நிற்கிறது, மூவர் மட்டுமே இறங்குகின்றனர். மூன்றாமவர் தந்தை. அவரை அவள் வீட்டுக்கு அழைத்து வருகிறாள். தாயும் தந்தையும் சந்திக்கும் இடத்துக்கு நெஸ்பிட் நம்மை அழைத்துச் செல்வதில்லை. கதவு சாத்தப்படுகிறது, நாம் புல்வெளி வழியே ஓசையின்றித் திரும்பிவிட வேண்டும்.