உளநலக் கிளினிக்கில் முதல் நாள்

உடல் நோவுக்கு வைத்தியரை நாடுதல் எவர்க்கும் இயல்பான செயல். உள நோவுக்கு நாடுதலோ இன்றும் பலரால் மறைக்கப்படும் செயலாகவே உள்ளது. கம்பளை நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மாதக்கணக்கில் உறக்கமின்றி வருந்தும் ஒருவர், உளநல வைத்தியரிடம் செல்லுமுன் வேறு பல இடங்களுக்கும் அலைந்திருப்பார். தோட்டத்து டிஸ்பென்சரியில் தலையிடி மாத்திரை, கோடாங்கியிடம் குறி, முஸ்லிம் குடும்பமாயின் லெப்பையிடம் ஓதிய தண்ணீர் என அவ்வலைச்சல் நீளும். இவற்றால் ஆறுதல் பெறுவோர் உளர். அவர்களை எள்ளி நகையாடுதல் அறிவுடைமையாகாது. ஆயினும், ஆறுதல் தேடி அலைந்த காலத்தில் நோய் முற்றிவிடுதலும் உண்டு.

தயக்கத்துக்குப் பெருங் காரணம் ‘அங்கொடை’ என்ற சொல்லாகும். 1926 இல் கொழும்புக்கு அண்மையில் நிறுவப்பட்ட அம்மருத்துவமனை, ஊரின் பெயரே வசைச் சொல்லாகுமளவுக்கு நாடெங்கும் அச்சத்தை விதைத்தது. இன்று அது தேசிய உளநல நிறுவகம் எனப் பெயர் பெற்றுள்ளது. வசை மட்டும் பழைய பெயரிலேயே வழங்குகிறது. கிளினிக்குக்குச் செல்வோரைப் பிடித்து அடைத்துவிடுவர் என்னும் அச்சமும் அதன் எச்சமே. உண்மையில் வெளிநோயாளராகச் செல்பவருள் மிகப் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர்.

கம்பளை வைத்தியசாலையிலோ குடும்ப வைத்தியரிடமோ கடிதம் பெற்று, கெலிஓயா வழியாகப் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸேறும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கட்டணம் இல்லை, காத்திருத்தல் உண்டு. தாம் உட்கொள்ளும் மருந்துகளை, ஆயுர்வேதக் குளிசை உட்பட, கையோடு கொண்டு செல்லுதல் நன்று. அறையினுள் அவர் எதிர்பார்க்கும் கருவி எதுவும் இராது. வினாக்களே இருக்கும். எப்போது தொடங்கியது, உறக்கம் எவ்வாறு, பசியுண்டா, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் எவர்க்கேனும் இவ்வாறு வந்ததுண்டா, பிறர்க்குக் கேளாத குரல் ஏதும் கேட்கிறதா எனக் கேட்கப்படும். இன்று என்ன கிழமை என்றுங்கூட வினவப்படலாம். அது அவமதிப்பன்று, நினைவாற்றலை அறியும் முறையாகும். தைரொயிட் குறைபாடும் குருதிச்சோகையும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடுமாதலால் இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுப்பர்.

வந்தவர் தம் நோயை உடலின் மொழியிலேயே கூறுவார். ‘நெஞ்சு அடைக்குது’, ‘தலை கனக்குது’, ‘எந்நேரமும் யோசனை’ என்பனவே அவர்தம் சொற்கள். இவற்றைத் திருத்தி, படித்தவர் வாய்ச்சொல்லான ‘மன அழுத்தம்’ என்று கூற வேண்டியதில்லை. ‘யோசனை’ என அவர் குறிப்பது சிந்தனையை அன்று, விட்டகலாத கவலையை. அருகில் நின்று சிங்களத்தில் மொழிபெயர்ப்பவர் ‘நிறையச் சிந்திக்கிறாராம்’ எனக் கூறிவிடின், நோயின் பாதி வைத்தியரின் காதுக்கு எட்டாமற் போகும். சிங்களம் நிர்வாக மொழியாக வழங்கும் மாகாணங்களிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வழங்குகிறது. ஏட்டிலுள்ள உரிமை வேறு. காலை ஆறு மணிக்குக் கொழுந்துக் கூடையை விட்டு வந்து வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தல் வேறு.

பெரும்பாலும் அவ்வேலை வீட்டாரிடமே வந்து சேர்கிறது. தாய்க்குச் சிங்களம் வராது. பள்ளி செல்லும் மகன் அறிவான். ‘செத்துப் போகலாம் என்று எண்ணியதுண்டா?’ என்பது எந்த உளநல வைத்தியரும் தவறாது கேட்கும் வினா. அவ்வினாவை அப்பிள்ளை தன் தாயிடம் எவ்வாறு கேட்பான்? கேட்டாலுந்தான், ‘அப்படியெல்லாம் இல்லய்யா’ என்பதன்றி அவள் வேறு என்ன சொல்வாள்? அவள் மறைத்தது பொய்யன்று, தாய்மை. ஆனால் கொப்பியில் ‘இல்லை’ என்றே பதிவாகும். இவ்விடத்தில் தமிழறிந்த தாதியொருவரை அழைக்குமாறு கேட்டல் நோயாளரின் உரிமை மட்டுமன்று, உயிர்க்காவலுமாகும். உறவினர் தாம் கண்டவற்றைக் கூறுதல் பயன்தரும். அதன்பின் சிறிது நேரம் வெளியே நிற்றலும் அவ்வளவே பயன்தரும்.

அவ்வினாவைக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாகத் தோன்றாது என ஆய்வுகள் காட்டியுள்ளன; கேட்கப்பட்டதும் நெடுநாள் அடக்கியதைக் கொட்டிவிட்டு அழுவோரே பலர். தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த சட்டப் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டதாதலால், உண்மையைச் சொன்னால் பொலிசார் வருவர் என அஞ்சவேண்டியதில்லை. சொல்வது பொதுவாக வைத்தியரோடு நிற்கும். உயிருக்கு ஆபத்துண்டு எனக் கண்டவிடத்தே பிறர்க்கு அறிவிப்பர்.

முதல் நாளிலேயே நோயின் பெயர் கிடைக்குமென எதிர்பார்த்தல் வேண்டா. சிலர்க்கு மருந்து எழுதப்படும். சிலர்க்குப் பேச்சே மருந்தாக அமையும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பயன்தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். வாய் வறட்சி, குமட்டல் முதலிய தொல்லைகளோ அதற்கு முன்பே வந்துவிடும். இதனை எவரும் விளக்கிக் கூறாவிடின், ஐந்தாம் நாளே மாத்திரைகள் அலுமாரிக்குள் போய்விடுதல் இயல்பு. ஆதலின் எழும்புமுன் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும்: இம்மருந்து எதற்கு, எத்தனை நாளில் பயன் தெரியும், தொல்லை தந்தால் யாரிடம் சொல்வது. நலமானதும் தாமாகவே நிறுத்திவிடலாகாது என்பதையும் அங்கேயே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

பின்னர் கொப்பியில் அடுத்த தவணைத் திகதி குறிக்கப்படும். அத்திகதிவரை பொறுக்கவியலாத இரவு வருமாயின், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவும் உண்டு. கடிதமின்றியே செல்லலாம்.