யாருடைய கதையை விளையாடுகிறோம்?

வீடியோ கேம் என்றதும் பெரியவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு நேரம்?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. உயர்தரப் பரீட்சைக்கு நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் என்னிடம் உம்மாவும் அதையே கேட்கிறார். ஆனால் அதற்கு அடுத்ததாகக் கேட்கவேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது: "அதற்குள்ளே நீ யாராக இருக்கிறாய்?" இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரமாக ஒரு நீண்ட கதைக்குள் வாழும் கேம்களை ஆர்.பி.ஜி. என்று அழைக்கிறார்கள். இவற்றுள் சிலவற்றை நானாவின் கணினியில் விளையாடியிருக்கிறேன். பலவற்றை மற்றவர்கள் விளையாடும் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு நாட்டின் உணவைப் போலவே அந்த நாட்டின் ஆர்.பி.ஜி.க்கும் தனிச்சுவை உண்டு. மனிதன் தன் வாழ்க்கையைத் தானே தெரிவு செய்கிறானா, அல்லது தனக்கென எழுதப்பட்டதை வாழ்கிறானா என்ற பழைய கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தன் பாணியில் பதில் சொல்கிறது.

இந்த விளையாட்டின் தொடக்கம் கணினியில் இல்லை, மேசையில். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாங்களே உருவாக்கி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று தீர்மானிப்பார்கள். மேலைநாட்டு ஆர்.பி.ஜி.களின் வேர் இதுதான். "நீ யார் என்பதை நீயே முடிவு செய்" என்பது அவற்றின் முதல் விதி.

அந்த வேரிலிருந்து வந்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, றிச்சர்ட் கரியட் 1985இல் உருவாக்கிய 'அல்ட்டிமா 4'. அதில் கடைசியாகக் கொன்று முடிக்க வேண்டிய கொடிய அரசன் எவனும் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் தேறி நல்ல மனிதனாவதே விளையாட்டின் நோக்கம். அங்கே கண்பார்வையற்ற ஒருவர் மூலிகை விற்கிறார். எவ்வளவு காசு கொடுக்கிறோம் என்று நாமே சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது. ஆனால் கேம் நம் நேர்மைக் கணக்கில் சத்தமில்லாமல் கழித்துவிடும்.

இதை வாப்பாவிடம் சொன்னேன். பண்டத்தரிப்புச் சந்திக்கு அருகில் சின்னக் கடை வைத்திருப்பவர் அவர். தராசுத் தட்டைத் துடைத்தபடியே, "அப்ப கேமுக்குள்ளயும் மலக்குமார் எழுதிக்கொண்டு இருக்கினம் போல" என்று சிரித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் புள்ளிக்காக நேர்மையாக இருக்கிறவன் நேர்மையானவனா?" என்று கேட்டார். மேலைப் பாணியின் பலமும் பலவீனமும் அந்தக் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. செயலுக்குப் புள்ளி போடலாம். நிய்யத்தை அளக்கும் மீற்றர் எந்தக் கணினியிலும் இல்லை.

2011இல் வந்த 'ஸ்கைரிம்' இந்தச் சுதந்திரத்தை இன்னும் விரித்தது. முகம், இனம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் நம் தெரிவு. உலகைக் காப்பாற்றும் வேலை ஒரு பக்கம் காத்திருக்க, நாம் மலையில் பூப்பறித்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் திரியலாம். யாரும் கேட்க மாட்டார்கள். "நீ அதைப் படி, இதைப் படி" என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கும் வயதில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த மௌனம் எவ்வளவு இனிக்கும் என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொண்டால், கேமின் கவர்ச்சியில் பாதி விளங்கிவிடும்.

இனி ஜப்பானுக்கு வருவோம். யூஜி ஹோரி என்பவர் 'அல்ட்டிமா', 'விசார்ட்ரி' ஆகிய அமெரிக்க கேம்களை விரும்பி விளையாடியவர். அவற்றின் சிக்கலைக் குறைத்து, வீட்டுத் தொலைக்காட்சியில் சிறுவர்களும் விளையாடக்கூடியதாக 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' என்ற கேமை உருவாக்கினார். அதன் மூன்றாம் பாகம் 1988இல் வெளியானபோது மாணவர்கள் பாடசாலைக்குப் போகாமல் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். 'எவ்வளவு நேரம்?' என்ற கேள்வியை ஜப்பானிய உம்மாமாரும் அன்றே கேட்டிருப்பார்கள்!

ஜப்பானியப் பாணியில் நாம் பாத்திரத்தைப் பெரும்பாலும் உருவாக்குவதில்லை. பெயர், முகம், பழைய காயம் எல்லாவற்றோடும் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். நாம் அவருக்குத் துணையாக நடக்கிறோம். 1997இல் வந்த 'ஃபைனல் ஃபான்டசி 7' இதற்குப் பெயர்போன உதாரணம். அதில் ஏரித் என்ற பூக்காரப் பெண் நம் குழுவில் ஒருத்தி. அவளுக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்து, மணிக்கணக்காகப் பயிற்சி கொடுத்து வளர்த்திருப்போம். மூன்று தட்டுகளில் முதலாவதின் முடிவில் அவள் கொல்லப்படுகிறாள். எவ்வளவு திறமையாக விளையாடினாலும் அதைத் தடுக்க முடியாது. அவளை உயிர்ப்பிக்க வழி உண்டா என்று உலகெங்கும் பிள்ளைகள் தேடினார்கள். அப்படி ஒரு வழி இல்லை. அந்தப் பாணி நமக்குத் தருவது இழப்போடு தொடர்ந்து நடக்கும் பழக்கம்.

இது நமக்கு அந்நியமானதல்ல. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கத்தோலிக்கக் கிராமங்களில் நாட்டுக்கூத்து ஆடுகிறார்கள். வட்டுக்கோட்டை வடமோடிக் கூத்துக்குப் பெயர்பெற்றது. பார்ப்பவர் எல்லாருக்கும் கதையின் முடிவு முன்கூட்டியே தெரியும். வேதசாட்சி கொல்லப்படுவார், அரசன் நாட்டை இழப்பான். ஆடுபவர் அதை மாற்ற முடியாது, பார்ப்பவரும் எழுந்து போவதில்லை. யார் எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, பாடல்களைப் பழக்கி, அரங்கில் கூடவே நின்று ஆட்டத்தை நடத்துபவர் அண்ணாவியார். அமெரிக்காவில் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுக்குக் கதை நடத்துனர் எப்படியோ, நம் குடாநாட்டில் அண்ணாவியார் அப்படி. ஆக, பாத்திரமேற்று ஆடுவது வெளியிலிருந்து நமக்கு வந்த புதினம் அல்ல. அதற்கு வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணிகளே இந்தச் சின்ன நிலத்தில் இருந்திருக்கின்றன.

பெற்றோருக்காக இன்னொரு பாணியையும் சொல்ல வேண்டும். 2020இல் சீனாவின் மிஹோயோ நிறுவனம் 'கென்ஷின் இம்பக்ட்' என்ற கேமை வெளியிட்டது. தரவிறக்கம் இலவசம், காட்சிகள் கொள்ளை அழகு. ஆனால் புதிய பாத்திரங்கள் பலவற்றைப் பெறக் குலுக்கல் எடுக்க வேண்டும். விரும்பிய பாத்திரம் விழாவிட்டால் மறுபடி குலுக்கலாம், அதற்குக் காசும் செலுத்தலாம். ஜப்பானியக் கடைகளில் காசு போட்டுத் திருகினால் ஏதோவொரு பொம்மை விழும் இயந்திரத்தின் பெயரால் இதைக் 'கச்சா' என்கிறார்கள். கேம்களில் காசு கொடுத்து வாங்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. சூதை ஹராம் என்று படித்து வளரும் நாம், அது வண்ணச் சட்டை போட்டு வரும்போதும் அடையாளம் காண வேண்டும். இந்த வகையில் கேள்வி "எவ்வளவு நேரம்?" என்பதோடு நிற்பதில்லை. "எவ்வளவு காசு?" என்றும் கேட்க வேண்டும்.

இப்படி அமெரிக்கா, ஜப்பான், சீனா என்று பெரிய நாடுகளையே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, ஆபிரிக்காவின் கமரூனிலிருந்து வந்த ஒரு கேம் வேறு வாசலைத் திறந்தது. தலைநகர் யாவுண்டேயில் இயங்கும் கிரோ கேம்ஸ் நிறுவனம் 2016இல் 'ஒரியோன்' என்ற ஆர்.பி.ஜி.யை வெளியிட்டது. முடிசூடும் நாளிலேயே ஆட்சி பறிக்கப்பட்டு நாட்டை விட்டு வெளியேறும் இளவரசன் என்சோவும் அவன் மனைவி எரினும் அதன் நாயகர்கள். என்சோவுக்குப் பலம் தருவது அவன் முன்னோர் விட்டுச்சென்ற மரபு. பழைய ஐரோப்பியக் கோட்டைகளைக் கடன் வாங்காமல், தங்கள் மண்ணின் நிறத்திலும் உடையிலும் அவர்கள் தங்கள் கதையைச் செய்துகொண்டார்கள்.

தமிழிலும் ஒரு விதை விழுந்திருக்கிறது. கனடாவின் ரொறொன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'. கண்டிப்பாகப் பார்த்தால் அது ஆர்.பி.ஜி. அல்ல, சமையல் புதிர். ஆனால் அதில் நாம் ஏற்கும் பாத்திரம், தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற தாய். அவளுடைய தாயின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்தழிந்து போயிருக்கிறது. விடுபட்ட வரிகளை யோசித்துக் கண்டுபிடித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். மகன் மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகிப் போகிறான். வாளும் இல்லை, பறவைநாகமும் இல்லை. 2024இல் பிரித்தானியாவின் பஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருது அதற்குக் கிடைத்தது. ஒரு சாதாரணத் தாயின் அடுப்படியும் ஒரு கேமுக்குப் போதும் என்று அது காட்டியது.

அப்படியானால் எங்கள் கதை எது? முஸ்லிம்களாகிய நாம் நபிமார்களுக்கு வேடம் கட்டுவதில்லை. அவர்களின் வரலாற்றைச் சொல்வோம், பாடுவோம், ஆனால் அவர்களாக நடிக்க மாட்டோம். அந்த எல்லை எனக்கு ஒரு திசையைக் காட்டுகிறது. நாம் பாத்திரமாக ஏற்கவேண்டியவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். என் உம்மம்மாவும் அவர்களில் ஒருவர். ஒரு பையும் ஒரு சீலை முடிச்சும்தான் கொண்டுபோக முடிந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், காணி உறுதி, துணியில் சுற்றிய குர்ஆன், ஒரு போத்தல் தண்ணீர் ஆகியவற்றோடு, தையல் மெஷினின் அடியிலிருந்து பொபின் கேசையும் கழற்றி முடிச்சுக்குள் வைத்தார்.

"மெஷினைத் தூக்க ஏலாது மகள். அது திரும்பி வரும் வரைக்கும் நிக்கட்டும் எண்டு நினைச்சன்" என்பார்.

திரும்பி வர இருபது வருடங்கள் ஆயின. அதற்குள் மெஷினும் இல்லை, அறையும் இல்லை. ஆனால் புத்தளத்து முகாமில் யாரோ கொடுத்த பழைய மெஷினுக்கு அந்தப் பொபின் கேஸ் பொருந்தியது. அதில் தைத்த காசில்தான் என் உம்மா படித்தார்.

ஆர்.பி.ஜி. விளையாடும் யாருக்கும் பை என்றால் என்னவென்று தெரியும். அதில் இடம் கொஞ்சம்தான் இருக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். உதவாது என்று தோன்றும் சின்னப் பொருள் ஒன்று பல மணித்தியாலங்களுக்குப் பிறகு ஒரு கதவைத் திறக்கும். உம்மம்மாவின் கதையை நான் கேமாகச் செய்தால் அது எந்தப் பாணியில் அமையும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வெளியேறுவதைத் தடுக்கும் பொத்தான் அதில் இருக்காது. எவ்வளவு திறமையாக விளையாடினாலும் அந்த இரண்டு மணித்தியாலம் முடிந்தே தீரும். அது ஜப்பானியப் பாணி, கூத்தின் பாணி. ஆனால் பையில் எதை வைப்பது, வழியில் யாருடைய பிள்ளையைத் தூக்குவது, தண்ணீரை யாரோடு பகிர்வது என்பதெல்லாம் விளையாடுபவரின் தெரிவு. அது மேலைப் பாணி. கத்ரையும் நம்புகிறோம், நம் செயலுக்குக் கேள்வி கணக்கு உண்டு என்றும் நம்புகிறோம். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டுதான் உம்மம்மா நடந்திருக்கிறார். அந்த நடையை இன்னொரு நாட்டுப் பிள்ளை, அவராக இருந்து நடந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஸ்கைரிமில் எத்தனையோ முகங்களைச் செய்து பார்க்கலாம். சீலைத் தலைப்பால் தலையை மூடிய, நாற்பது வயதுத் தையல்காரப் பெண்ணொருத்தியை இதுவரை எந்தக் கேமிலும் நான் நாயகியாகக் கண்டதில்லை.

கணினி நிரல் எழுத எனக்கு இன்னும் தெரியாது. பரீட்சை முடிந்ததும் பழகுவேன், இன்ஷா அல்லாஹ். ஆனால் கதை சேர்ப்பதற்கு நிரல் தேவையில்லை, ஒரு கொப்பி போதும். உங்கள் வீட்டில் அந்த நாளைக் கண்டவர் இருந்தால், இந்த விடுமுறையில் பக்கத்தில் இருந்து, பையில் என்ன வைத்தீர்கள் என்று கேளுங்கள். ஏன் வைத்தீர்கள் என்றும் கேளுங்கள். எழுதி வையுங்கள். உம்மம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. பொபின் கேஸை எடுத்தது நினைவிருக்கிறது. எதை எடுக்காமல் விட்டார் என்பது மெல்ல மெல்ல மறந்து வருகிறது.